பக்கத்து நாற்காலி

"வேலைக்கா, கேமுக்கா?" என்று கேட்டார் மானிட்டர் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்தான்," என்றார்கள் அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில்.

தங்கை புத்தக அட்டைகள் வடிவமைப்பவள். வேலை மாறி, அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அண்ணன் பஸ் டிரைவர். பகலில் அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் சாயங்காலம் அவன் கார் ரேஸ் ஓட்டுவான். "நாள் முழுக்க ஓட்டினது போதாதா?" என்று கேட்டால், "இதுல ஸ்டாப்பிங் கிடையாதே," என்பான். போன வாரம் அவனுடைய பழைய மானிட்டர் கண்ணை மூடிவிட்டது.

கடைக்காரர் இரண்டைக் காட்டினார். ஒன்றில் காட்சி துளியும் தேங்காமல் ஓடும். மற்றதில் நிறம் அச்சில் வருவதுபோலவே தெரியும். வேகம் ஒரு படி குறைவு.

அண்ணனின் கண் முதலாவதை விட்டு நகரவில்லை. கூடவே பழைய நினைப்பும் வந்துவிட்டது.

"நம்ம வீட்டுப் பெட்டி மானிட்டர் ஞாபகம் இருக்கா? சூட்டுக்குப் பூனை மேல ஏறிப் படுத்துக்கும். நான் ஓட்டுவேன், நீ பக்கத்துல ஸ்டூல் போட்டு 'வலது, வலது'ன்னு கத்துவே. சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எழுந்திருக்க மாட்டே. அவ்வளவு ஆசை உனக்கு."

"அடுத்த ஆட்டம் உனக்குன்னு தினமும் சொல்லுவே. எழுந்து போனா என் முறை போயிடுமேன்னு உக்காந்திருந்தேன்."

"குடுத்ததே இல்லையா?"

"ஒரு நாளும் இல்ல."

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவனுக்கு என்னவோ செய்தது. மனைவியிடமும் கண்டக்டரிடமும் எத்தனையோ முறை சிலாகித்துச் சொன்ன கதை அது. இப்போது சோற்றில் கல் கடித்தாற்போல இருந்தது.

"இதுல ஒரு ரேஸ் போட்டுக் காட்ட முடியுமா?" என்று முதலாவதைக் காட்டிக் கடைக்காரரிடம் கேட்டான். தங்கையை நடுவில் உட்காரவைத்து, தான் பக்கத்து நாற்காலிக்குப் போனான்.

முதல் வளைவிலேயே அவள் சுவரில் மோதினாள். பிறகு எதிர்த்திசையில் போனாள்.

"பிரேக், பிரேக்."

"பேசாம இருண்ணா."

அவன் திடீரென்று தலையை அவள் பக்கம் சாய்த்தான். கார் நல்ல சிவப்பு. தலையை இழுத்துக்கொண்டான், கார் துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி ஆனது.

"என்னங்க, சாயம் போகுது?"

"சைடுல இருந்து பாத்தா அப்படித்தான் சார். ஆடறவங்க நேராதானே உக்காருவாங்க?"

"நம்ம பழைய பெட்டி மானிட்டர்ல இப்படி இல்ல," என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே. "எங்க உக்காந்தாலும் ஒரே நிறம்தான்."

இரண்டாவதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தான். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. "இதையே பேக் பண்ணுங்க."

"உனக்கு வேகம் வேணாமா?"

"பக்கத்துல உக்காரப் போறவனுக்கு எதுக்கு வேகம்? உன் வேலைக்கும் இதுதான் சரி."

வீட்டில் மேசை அகலம் போதவில்லை. சுவரிலிருந்து தள்ளிப்போட்டு, ஒருவழியாகப் பொருத்தினார்கள். முதல் வாரம் முழுக்க அவள்தான் ஓட்டினாள், எல்லாவற்றிலும் கடைசி. எட்டாம் நாள் அவனுக்கு மாலை டியூட்டி. வண்டி கிளம்பும் நேரத்தில் போனில் ஒரு படம் வந்தது. திரையில் ஐந்தாவது இடம்.

கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நீங்களாண்ணே? அஞ்சாவதுதானா?"

"என் தங்கச்சி," என்று சொல்லி வண்டியைக் கிளப்பினான்.