வாசல் இருந்த இடம்

லொட்ஜின் மொட்டைமாடியில் கடைசிப் படுக்கைவிரிப்பைப் பிழிந்து கொடியில் போட்டபோதுதான் கொன்ஸ்ரன்ஸ் கீழே பார்த்தாள். வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் லொறி வந்து நின்றது. பலகை வீடுகளைப் பிரித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஓடிப்போனபோது பக்கத்து வீட்டு ஸமீமா தகரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் வரல்ல தாத்தா. அவர் திரும்பி வந்து தேடினா?” ஸமீமாவை அவள் அக்கா முறையில் ‘தாத்தா’ என்றுதான் கூப்பிடுவாள்.

துறைமுக வேலைக்குப் புறப்பட்ட கணவன் யேசுதாசனை, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி இந்த வாசலில்தான் ஜீப்பில் ஏற்றினார்கள். இரண்டு வருசமாகிறது. எந்தப் பொலிசில் கேட்டாலும், அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்றார்கள்.

“போன மழைக்குத் தண்ணி நெஞ்சுமட்டும் வந்திச்சே, மறந்திட்டீங்களா? புள்ளைய மேசைக்கு மேல வெச்சிட்டு விடியுமட்டும் நின்டோம். இன்னொருக்கா வந்தா புள்ள மிஞ்சுமா?”

கொன்ஸ்ரன்ஸ் மகளைத் தூக்கிக்கொண்டு லொறியில் ஏறினாள். வேலையாட்கள் வாசல் கதவைக் கழற்றும்போது மட்டும், “மெல்ல, மெல்ல” என்றாள்.

அரசாங்கம் கொடுத்த புது வீடு நகரத்துக்கு வெளியே, நாலாம் மாடியில். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாது. மகள் நிம்மதியாகத் தூங்கினாள். படியில் யாராவது ஏறிவந்தால் கொன்ஸ்ரன்ஸுக்கு நித்திரை கலைந்துவிடும். யேசுதாசனுக்கு இந்தப் படி தெரியாது.

வேலை பழைய லொட்ஜிலேயேதான். இரண்டு பஸ் மாறி வருவாள். முடிந்ததும் கரைக்குப் போய் வீடு நின்ற மண்ணில் கொஞ்ச நேரம் நிற்பாள். தூரத்தில் ஒல்லியாக ஒருவன் வந்தால் இரண்டடி முன்னால் போவாள். கிட்ட வந்தால் வேறு ஆள்.

பிறகு கரையை மட்டப்படுத்திப் புல் பதித்தார்கள். பக்கத்தில் எழும்பிய பெரிய ஃபிளாட்காரர்கள் மாலையில் நடக்கக் கல் பாதையும், உட்கார்ந்திருக்க நீள வாங்குகளும் வந்தன.

முதல் நாள் அவள் ஒரு வாங்கில் இருந்ததுமே காவலாளி வந்துவிட்டான். சிங்களத்தில் அடையாள அட்டையைக் கேட்டான். கொடுத்தாள். விலாசத்தைப் படித்தவன் சுற்றிலும் பார்த்தான்.

“இது எங்க இருக்கு?”

கொன்ஸ்ரன்ஸ் அவனுடைய சப்பாத்துக்குக் கீழே விரலை நீட்டினாள்.

“இங்கதான்.”

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். “எழும்புங்க. இங்க சும்மா இருக்க ஏலாது.”

அவள் கால்வாய்ப் பாலத்துக்குப் போய் நின்றாள். கீழே பாதையில் ஆட்கள் கைகளை வீசி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வெளிச்சம் மங்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.