இரண்டு டோக்கன்

அறுபது பெண்கள் தைக்கிற கூடத்துக்கு இரண்டே இரண்டு மர டோக்கன். கையில் டோக்கன் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம். அதைக் கொடுப்பவர் சூப்பர்வைசர். மூணு நிமிஷத்தில் திரும்பிவிட வேண்டும் என்று, கொடுத்த கையோடு கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயரே மூணு நிமிஷம்.

என் தங்கை அங்கே காலர் தைக்கிறாள். நான் அதே கம்பெனி கேன்டீனில் சமையல். டோக்கன் கேட்கக் கூசித் தண்ணீரே குடிக்காமல், வந்ததையும் அடக்கி அடக்கி, இருபத்தாறு வயதில் அவளுக்கு மூலத்துக்கு ஆபரேஷன் ஆயிற்று. இன்னொரு தடவை மலம் இறுகினால் மறுபடியும் கத்திதான் என்றார் டாக்டர்.

"நார்ச்சத்து நிறைய சேர்த்துக்கணும். தண்ணியும் குடிக்கணும். தண்ணி இல்லாம நார் மட்டும் உள்ளே போனா இன்னும் இறுகிடும்."

"தண்ணி குடிச்சா எழுந்து போகணுமேக்கா," என்றாள் தங்கை.

சாப்பாட்டை நான் பார்த்துக்கொண்டேன். எல்லாருக்குமே சலிக்காத மாவில் ரொட்டி, தோலோடு பயறு, தினம் ஒரு கீரை. டோக்கனுக்குத்தான் மூணு நிமிஷத்திடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மத்தியானம் அவர் தட்டில் பரிமாறும்போது கேட்டேன்.

"உன் தங்கச்சி வயித்துக்காக நான் மிஷினை நிறுத்தணுமா?" என்று எல்லார் காதிலும் விழச் சிரித்தார். தட்டையும் தள்ளிவிட்டார். "மாட்டுக்குப் போடறதை எனக்குப் போடாதே."

அன்றே கறுவிக்கொண்டேன். ஆனால் அவர் சொல்லை மீறவில்லை. கம்பெனி அறையிலேயே தங்கி மூன்று வேளையும் என் கையால் சாப்பிடுகிறவர். அவருக்கு மட்டும் மாவை இரண்டு தடவை சலித்தேன். பழத்தைத் தோல் சீவினேன், சூப்பை வடிகட்டினேன். காய் என்ற பேருக்கு உருளைக்கிழங்கு மசியல்.

"இப்பத்தான் சமைக்கவே கத்துக்கிட்டே," என்றார். இன்னும் இரண்டு ரொட்டி வைத்து விழுந்து விழுந்து உபசரித்தேன்.

இரண்டு மாதத்தில், ஆபீஸ் கழிப்பறைக்குப் பேப்பரோடு போனவர் அரை மணி நேரமானாலும் திரும்பவில்லை. அவருக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. பிறகு நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார். பார்க்கப் பார்க்க என் மனசு குளிர்ந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் சமையலறைக்கே வந்து நின்றார்.

"டாக்டர் தவிடு, பயறு எல்லாம் சேர்த்துக்கச் சொல்றார். அவங்களுக்குப் போடறதையே எனக்கும் போடும்மா."

இத்தனை வருஷம் இல்லாத அம்மா.

"மாட்டுக்குப் போடறதா சார்?"

தட்டை எடுத்து நீட்டினார்.

"அந்த ரெண்டு டோக்கனையும் இப்படி வையுங்க."

முறைத்தார். நான் பாத்திரத்தின் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேடையில் வைத்தார். அவருக்காகச் சீவிய தோலெல்லாம் கிடந்த வாளியில் இரண்டையும் போட்டேன்.

"புது டோக்கன் வர்ற அன்னிக்கு வெள்ளை ரொட்டியும் வரும்."

பயறும் ரொட்டியும் வைத்தேன். அவசர அவசரமாக விழுங்கினார். தவிடு தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

"தண்ணி," என்றார்.

குழாயை மறித்துக்கொண்டு தங்கை நின்றிருந்தாள். வேலைக்கு எடுத்துப் போக முதல் தடவையாக ஒரு பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். நிதானமாக மூடியைத் திருகிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு நிமிஷம் பொறுங்க சார்."

சீக்கிரம் கொடு என்று நான் சொல்லவில்லை.