குழியிலிருந்து ஒரு பதில்

லிஃப்ட் கூண்டை முதல் மாடியில் நிறுத்திவிட்டு மெக்கானிக் அதன் அடியில் இருந்த குழிக்குள் இறங்கினார். குந்தி உட்கார்ந்து, ஸ்பிரிங்கைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய் அழுக்கைத் துடைக்க ஆரம்பித்தபோது காலை பதினொரு மணி. எட்டாவது மாடிக்கு மேலே, மோட்டார் அறையில், அவர் மனைவியின் தம்பி. இருபது வருஷ ஜோடி. தெருமுனைவரை கேட்கும் தொண்டை என்பதால் எல்லாருக்கும் அவன் ஸ்பீக்கர். மேலே இருப்பவன் கூப்பிட வேண்டும், கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் கூண்டை ஓர் அங்குலம்கூட அசைக்கக் கூடாது. அவர்கள் தொழிலில் அதுதான் சட்டம்.

“மச்சான், இருக்கீங்களா?”

“இருக்கேன்டா.”

இந்நேரம் மகளுக்கு ஸ்கேன் நடந்துகொண்டிருக்கும். ஏழாம் மாதம். நேற்றிலிருந்து குழந்தையின் அசைவே தெரியவில்லை என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவரை அவளே தடுத்துவிட்டாள். “அம்மாவுக்கு முடியாதப்ப நீங்க வராண்டால நடந்த நடைய இன்னும் மறக்கலப்பா. வேலைக்குப் போங்க. அவரு போன் பண்ணுவாரு.” குழிக்குள் போனுக்கு டவர் எடுக்காது. அதற்காகவே இறங்கினாரோ என்னவோ.

மனைவி போய் ஒன்றரை வருஷம். அவள் தினமும் காலையில் ஜன்னலருகே நின்று, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலக் கடவுளிடம் பேசுவாள். இப்போது அந்த இடத்தில் இவர் நிற்கிறார். வேறெதுவும் கேட்கத் தெரியாது. “இருக்கியா?” என்பார், அவ்வளவுதான். பதில் வந்ததில்லை. பதில் வராமல் எதையும் அசைத்துப் பழகாதவர். அலமாரியில் அவள் துணிகள் மடித்தது மடித்தபடியே இருந்தன.

துடைத்து முடித்து அண்ணாந்து பார்த்தார். கூண்டின் ஓரத்து இடைவெளியில் மேலிருந்து மெல்லிய வெளிச்சம் வந்தது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதோடு தனியாக இல்லை என்று பட்டது. யாரோ எப்போதோ கூப்பிட்டுவிட்டு, அவசரமே இல்லாமல், இவர் பதிலுக்காகக் காத்திருப்பதுபோல.

“இருக்கேன்” என்றார்.

“நான் கூப்பிடவே இல்லையே மச்சான்! எண்ணெய் வாடை தலைக்கு ஏறிருச்சா?”

“உனக்குச் சொல்லலடா.”

ஸ்பீக்கரின் குரல் இருபது வருஷத்தில் முதல்முறையாகத் தணிந்து வந்தது.

“அக்காவுக்கா?”

“உங்கக்கா பேசிட்டிருப்பாளே, அவருக்கு.”

“அப்படின்னா நானும் இருக்கேன்னு சொல்லிருங்க.”

“நீயே சொல்லு. உன் தொண்டைக்கு நடுவுல நான் எதுக்கு?”

சிரிப்பு வந்தது அவருக்கு. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தார். தலை தரைமட்டத்துக்கு வந்ததும் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி, எண்ணெய்க் கையை நிதானமாகத் தோள்துணியில் தேய்த்தார். எட்டு மாடிகளையும் தாண்டி, “இருக்கேன்” என்று ஸ்பீக்கர் போட்ட சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, இறங்கி வந்துகொண்டிருந்தது.