எல்லா டிஸ்க்கிலும் செவ்வாய்க்கிழமை

டப்பாவைத் திறந்தாள். காலி.

மூடிவிட்டு மறுபடியும் திறந்தாள், இந்தத் தடவை மட்டும் முளைத்துவிடும் என்பதுபோல. அப்போதும் காலிதான். மேலே 'செவ்வாய்' என்று அவள் கையெழுத்து தேதியோடு குண்டு குண்டாக இருந்தது. உள்ளே இருக்க வேண்டிய டிஸ்க்கைத்தான் காணோம்.

"அடப்பாவி!" என்றாள் டிஸ்க் அக்கா, யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே.

அந்த மருந்துக் கிடங்கில் அவளுக்கு அதுதான் பெயர். கேமராக்கள் ஒரு நாள் முழுக்கப் பார்த்ததை மறுநாள் டிஸ்க்கில் பதிந்து, டப்பாவில் போட்டு, தேதி எழுதிப் பத்திரப்படுத்துவது அவள் வேலை. அவளுடைய அறை தகரக் கூரைக்கு அடியில் அடுப்பாகக் கொதிக்கும். டிஸ்க்குகள் அங்கே இருந்தால் வீணாகிவிடும் என்று, தடுப்பூசி வைக்கும் குளிர் அறைக்குள்ளேயே கதவோரமாக ஒரு அலமாரி பிடித்து வைத்திருந்தாள். விதிப்படி அது தப்பு. ஆனால் வாசலில் காவலுக்கு நிற்பவன் கூடப்பிறந்த தம்பி. அக்காவை யார் தடுப்பது?

இப்போது அந்தத் தம்பியின் கழுத்துக்குத்தான் கயிறு தயாராகிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, குளிர் அறையின் கதவு சரியாக மூடாமல் கிடந்தது. ஒரு கை நுழையும் இடைவெளிதான். தூரத்திலிருந்து பார்த்தால் மூடினமாதிரியே தெரியும். மறுநாள் காலை பார்த்தால் உள்ளே இருந்த தடுப்பூசி மருந்து அத்தனையும் பாழ். காவலாளியின் அலட்சியம் என்று மேனேஜர் எழுதி அனுப்பிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணை அதிகாரி இன்றைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். கதவை மூடினேன் என்று தம்பி சொல்வதற்குச் சாட்சி கேமரா ஒன்றுதான். அது இல்லாவிட்டால் சாயங்காலத்துக்குள் வேலை போகும். அதோடு விடமாட்டார்கள், போலீஸிலும் ஒப்படைப்பார்கள்.

அந்த வாரத்து டப்பாக்களை எல்லாம் அள்ளி முகவாய் வரைக்கும் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கம்போலக் குதிகாலால் கதவுக்குப் பின்னோக்கி ஒரு உதை. "அக்கா, அது கதவு. உதைச்சா அதுக்கும் வலிக்கும்" என்று தம்பி கிண்டல் செய்வான். இன்றைக்குக் கிண்டல் செய்ய அவன் வாசலில் இல்லை. மேனேஜர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

"கிடைச்சுதாக்கா?"

"டப்பா இருக்குடா. டிஸ்க் இல்ல. யாரோ எடுத்துட்டாங்க."

அவன் முகம் இருண்டுபோகும் என்று நினைத்தாள். அதற்குப் பதிலாக அவன் மெதுவாக மூச்சு விட்டான். தோள் தளர்ந்தது.

"சரி, போனா போகுது. விடுக்கா."

"எதை விடச் சொல்றே? உன்னையா? புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"நான் மூடினேன். எனக்குத் தெரியும். அது போதும்."

"உனக்குத் தெரிஞ்சு என்னடா பிரயோஜனம்? அந்தம்மாவுக்குத் தெரியணுமே!" என்று உள்ளே இருந்த அதிகாரியின் பக்கம் கையைக் காட்டினாள். "இரு. போன வாரம்தான் எல்லா டிஸ்க்கையும் நகல் எடுத்தேன். டிஸ்க்கைத் திருடினவன் அதையுமா திருடியிருப்பான்?"

அதையும் திருடியிருந்தான்.

தகரக் கூரை அறையில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தபோது திங்கள் இருந்தது, புதன் இருந்தது, அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லா நாளும் வரிசையாக இருந்தன. செவ்வாய் மட்டும் இல்லை. பல் விழுந்த ஈறு மாதிரி அந்த இடம் இளித்தது.

இந்தக் கம்ப்யூட்டரின் கடவுச்சொல் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று, இதோ, இரண்டு கையிலும் டீயோடு கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருகிற அவள் புருஷன்.

கிடங்கின் கம்ப்யூட்டர்களும் கேமராக்களும் அலாரமும் அவர் பொறுப்பு. அலாரம்! அந்த நினைப்பு வந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே ஊரைக் கூட்டும் அந்த அலாரம் அன்றைக்கு ஏன் வாயே திறக்கவில்லை?

"டீ ஆறுது" என்றார் அவர்.

"செவ்வாய்க்கிழமை எங்கே?"

"என்ன?"

"டிஸ்க்கும் இல்ல, நகலும் இல்ல. எங்கேன்னு கேக்கறேன்."

அவர் டீயை மேஜையில் வைத்தார். வைத்த இடம் சரியில்லை என்பதுபோல நகர்த்தி வைத்தார். பிறகு இன்னொரு தடவை நகர்த்தினார்.

"அந்த டிஸ்க் கீறல் விழுந்து கிடந்துச்சு. நகலும் சரியா வரல. அதான் அழிச்சுட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"சொல்ல மறந்துட்டேன்."

"கல்யாண நாளை மறப்பீங்க, கடைக்குப் போனா பாதி சாமானை மறப்பீங்க. வேலை விஷயத்துல நீங்க மறந்து நான் பார்த்ததே இல்லையே!" அவள் எழுந்து நின்றாள். "அன்னைக்கு அலாரம் ஏன் அடிக்கலைங்க?"

அவர் டீயை மூன்றாவது தடவையாக நகர்த்தினார்.

"ஏங்க, நேராக் கேக்கறேன். அலாரம் கெட்டுப்போச்சு, அது வெளியே தெரிஞ்சா உங்க வேலை போயிடும். அதான் என் தம்பி தலையை உருட்டறீங்களா?"

"உன் தம்பிக்கு நான் கெடுதல் நினைப்பேனா?"

"நினைக்கலைன்னா எதுக்கு அழிச்சீங்க?"

"கொஞ்சம் சும்மா இருக்க மாட்டியா? சில விஷயத்தைத் தோண்டாம விட்டா எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்குமா, உங்களுக்கா?"

அவர் அவளைப் பார்த்த பார்வை விசித்திரமாக இருந்தது. கோபமாக இருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும். அது பரிதாபம் மாதிரி இருந்தது. திரும்பி வெளியே போய்விட்டார். டீ ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது.

இந்த மனுஷனோடா இத்தனை காலம் குடும்பம் நடத்தினோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, வேகம்தான் வந்தது. அலாரம் எப்போதிலிருந்து செத்துக் கிடக்கிறது? கதவுக்கு மேல் இருக்கும் சின்னப் பச்சை விளக்கு எரிந்தால் அலாரம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். செவ்வாய் போனால் போகட்டும். திங்கட்கிழமையே அந்த விளக்கு அணைந்திருந்தால் புருஷனின் குட்டு உடைந்துவிடும்.

திங்கட்கிழமையின் நகலை 'பொய் டிரைவி'ல் ஏற்றினாள்.

பொய் டிரைவ் என்பது அவள் வைத்த பெயர். நகல் எடுக்கும் வேலை வந்தபோது புருஷன்தான் அதைக் கற்றுக்கொடுத்தார். "டிஸ்க் இருக்கு பாரு, அதை அப்படியே உரிச்சு ஒரே கோப்பா ஆக்கிடலாம். அதுக்குப் பேர் இமேஜ். அந்தக் கோப்பை இந்த மென்பொருள்ல ஏத்தினா, நிஜமாவே ஒரு டிரைவ்ல டிஸ்க் போட்ட மாதிரி கம்ப்யூட்டர் நம்பிடும். இல்லாத டிரைவ், இல்லாத டிஸ்க். பார்த்து முடிச்சதும் மறக்காம இறக்கிடணும்."

"கம்ப்யூட்டரையே ஏமாத்தறீங்க. பொண்டாட்டி எம்மாத்திரம்!" என்று அன்றைக்கு அவள் சிரித்தாள். இன்றைக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

படம் ஓட ஆரம்பித்தது. பச்சை விளக்கு அணைந்துதான் இருந்தது. பிடிபட்டீங்க என்று பல்லைக் கடித்தவள், திரையின் மூலையில் ஓடும் தேதியைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

செவ்வாய்.

கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கோப்பின் பெயர் திங்கள்தான். அதை இறக்கிவிட்டு, புதன்கிழமையை ஏற்றினாள். மூலையில் செவ்வாய். வியாழன் என்று பெயர் போட்டதை ஏற்றினாள். அதிலும் செவ்வாய். வெள்ளி, சனி, போன மாதம், அதற்கு முந்தின மாதம்... எதைத் திறந்தாலும் அதே நாள், அதே கதவு.

யாரோ சூனியம் வைத்தமாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. சூனியம் வைத்தது வேறு யாரும் இல்லை, அவளேதான்.

நகல் எடுத்த அன்று அவள் ஒவ்வொரு டிஸ்க்காக நிஜ டிரைவின் தட்டில்தான் போட்டாள். ஆனால் எந்த டிரைவிலிருந்து எடுக்கவேண்டும் என்று மென்பொருள் கேட்கும் இடத்தில், முதலில் நின்றது பொய் டிரைவ். அதை மாற்றவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பொய் டிரைவில் ஏற்கெனவே செவ்வாய்க்கிழமை ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே தட்டில் எந்த டிஸ்க் சுற்றினாலும், மென்பொருள் செவ்வாயையே திரும்பத் திரும்ப உரித்து, சரிபார்த்தாயிற்று என்று பச்சை டிக் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் அந்த டிக்கை நம்பிப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடித்திருக்கிறாள்.

வேறொரு நாளாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். புருஷன் டிஸ்க்கை எடுத்தார், செவ்வாய் என்று பெயர் போட்ட கோப்பை அழித்தார். மற்ற அத்தனை கோப்புக்குள்ளும் செவ்வாயே உட்கார்ந்திருப்பது பாவம், அவருக்குத் தெரியாது!

சிரிப்பு நின்றதும் அடுத்த கேள்வி வந்தது. நகல் எடுப்பதற்கு முன்னாலேயே அந்த நாளை ஏற்றி வைத்தது யார்? யார் அதை உட்கார்ந்து பார்த்தார்கள்? இறக்கக்கூடத் தோன்றாத அளவுக்கு எதைப் பார்த்து அதிர்ந்தார்கள்?

படத்தை வேகமாக ஓட்டினாள். மத்தியானம், தம்பி வருகிறான். குளிர் அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். கதவைச் சாத்துகிறான். கைப்பிடியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறான், போதாதென்று இன்னொரு தடவையும் இழுக்கிறான். பிறகு லாரி வந்த பக்கம் ஓடுகிறான்.

"என் ராசா!" என்றாள். மூடியிருக்கிறான்! பின்னாலே வேறு யாரோ வந்து திறந்திருக்கிறார்கள். யார் அது?

"டிஸ்க் அக்கா! உங்களைக் கூப்பிடறாங்க. அந்தம்மா கிளம்பணுமாம்" என்று ஆபீஸ் உதவியாளர் வாசலில் நின்றார்.

மீதியைப் பார்க்க நேரமில்லை. நகல்களைச் சேமித்து, கம்ப்யூட்டரில் செருகி வைத்திருந்த சின்ன ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மேனேஜர் அறையில் அதிகாரி பேனாவை மூடிக்கொண்டிருந்தார். நரைத்த தலை, கறாரான முகம். மேனேஜர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார். சுவரோரம் புருஷன். அவர் பக்கத்தில் தலை குனிந்தபடி தம்பி.

"பதிவு இல்லைன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரே" என்றார் அதிகாரி.

"இருக்குங்க மேடம். அவருக்குத் தெரியாம இருக்கு."

புருஷனின் முகத்தில் ரத்தம் வற்றியதை அவள் கண்ணாரக் கண்டாள். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே மேனேஜரின் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினாள்.

"வேண்டாம்" என்றார் அவர். "நான் சொல்றதை ஒரு நிமிஷம் வெளியே வந்து கேளு."

"சொல்றதை இங்கேயே சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"அக்கா, என் மேல சத்தியம், விட்டுடு" என்றான் தம்பி.

"நீ வாயை மூடு. மாமாவுக்குப் பயந்து ஜெயிலுக்குப் போவியா?"

கோப்பை ஏற்றினாள். படம் ஓடியது. தம்பி கதவைச் சாத்தினான், இழுத்தான், மறுபடி இழுத்தான். அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார்.

"மூடித்தான் இருக்கார்" என்றார்.

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். டிஸ்க் அக்கா அவரைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்தாள். அவரோ திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோ வர்றாங்க" என்றார் அதிகாரி.

அவள் திரும்பினாள். திரையில் ஒரு பெண் பழகின கையோடு கைப்பிடியைத் திருப்பி, குளிர் அறைக்குள் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். இரண்டு கையிலும் டப்பாக்கள், முகவாய்க்கு மேலேயும் அடுக்கு. முகம் தெரியவில்லை. நடையை நிறுத்தாமல், குதிகாலால் பின்னோக்கி ஒரு உதை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள்.

கதவு போய் மோதியது. திரும்பி வந்தது. ஒரு கை நுழையும் இடைவெளியில் நின்றது.

"யார் இது? முகமே தெரியலையே" என்றார் அதிகாரி. "உள்ளே யாரும் போறதில்லைன்னுதானே எல்லாரும் எழுதிக் கொடுத்திருக்கீங்க?"

தம்பி தரையைப் பார்த்தான். புருஷன் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த அலாரம் காதைக் கிழிக்குதுங்க. ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கைத் தேடறதுக்குள்ள உயிர் போகுது. நிறுத்தித் தொலைங்க" என்று எப்போதோ ஒரு மத்தியானம் அவரிடம் சலித்துக்கொண்டது அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவர் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனதும் ஞாபகம் வந்தது.

திரையில் அந்தப் பெண்ணின் இடது செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. மேஜைக்கு அடியில் டிஸ்க் அக்கா தன் இடது காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்புறம் நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தாள்.

"நான்தாங்க அது" என்றாள்.