இடது கைக்கு மட்டும் பெரிய சட்டை

என் வீட்டுக்காரர் தையல்காரர். ஊரில் உள்ள மணிக்கட்டையெல்லாம் இஞ்ச் டேப் வைத்து அளப்பவர். கால் இஞ்ச் கூடிவிட்டால், "இது சட்டையா, சாக்கா?" என்று தைத்ததைப் பிரித்துப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தனக்குக் கைக்கடிகாரம் வாங்கப் போன அன்று மட்டும் டேப்பைத் தையல் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கடிகாரம் விற்றவர் பயில்வான் மாதிரி ஆள். அவர் கையில் அது அம்சமாக இருந்ததாம். போதாதா?

வீட்டுக்கு வந்து கட்டிக்கொண்டார். குச்சிக் கையில் அது சோற்றுத் தட்டு மாதிரி உட்கார்ந்தது. பட்டை மாட்டும் கொம்புகள் இரண்டு பக்கமும் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. இந்த அழகில் என் கடிகாரத்தைப் பார்த்து, "இது என்ன, எறும்புக்கு வாங்கினதா?" என்று வேறு சிரித்தார்.

மறுநாள் துணி வெட்ட இடது கையை மேசையில் ஊன்றியதும், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் திருகு புறங்கையில் குத்தியது. சட்டைக் கையில் பொத்தான் மாட்ட முடியவில்லை. மாற்றிக்கொண்டு வாருங்களேன் என்றேன்.

"வாட்ச்ல ஒரு குறையும் இல்ல. சட்டைதான் சின்னது."

தன்னுடைய ஏழு சட்டைகளிலும் இடது கையை மட்டும் பிரித்துப் பெரிதாகத் தைத்தார், மகாராஜா.

குத்து பொறுக்காமல் கடிகாரம் இப்போது பீரோவில் தூங்குகிறது. நேற்று, தொளதொளவென்று ஆடும் இடது கையோடு வந்து நின்றார்.

"மணி என்னாச்சு?"

"இருங்க, எறும்பைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.