பிரின்ஸாவின் பூர்வீகம்

“‘நிச்சயம்’னு ஒரு தடவை சொல்லித் தொலைச்சா உன் உசுரா போயிடும்?”

“உசுரு போகாது ஸ்மரண்டா. என் அகராதியோட மானம் போயிடும்.”

ஈஸ்டருக்கு மறுநாள் நானும் லசாரும் பேசிக்கொண்டது இது. பாலாடைக்கட்டிக்கு நாங்கள் சொல்லும் ‘பிரின்ஸா’ என்ற சொல்தான் எங்கள் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது.

லசாருக்கு அகராதி அலுவலகத்தில் வேலை. சொற்களுக்குப் பூர்வீகம் தேடுவான். எங்கள் மொழியில் பெரும்பாலான சொற்கள் லத்தீன் பெற்ற பிள்ளைகள். ஸ்லாவியர், துருக்கியர் வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவையும் உண்டு. பிரின்ஸாவுக்கு மட்டும் தாய்வீடு தெரியவில்லை. ரோமாபுரிப் படை வருமுன் இங்கிருந்த டாசியரின் சொல்லாக ‘ஒருவேளை’ இருக்கலாம் என்று எழுதிவைத்திருந்தான்.

அப்பாவுக்கு அந்த ‘ஒருவேளை’ ராஜதுரோகம். ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் முழுநேர டாசியர். ரோமாபுரிக்கே லத்தீன் கற்றுக்கொடுத்தது நாம்தான் என்பார். அவருடைய பெயர் ஹொராட்சியு, அசல் ரோமாபுரிப் பெயர். அதைச் சொல்லிக்காட்ட வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

பெண் கேட்கத்தான் லசார் ஞாயிறுதோறும் வந்தான், பையில் பெண்ணின் அப்பா முன்னால் வைத்துச் சம்மதம் கேட்கும் பிளம் சாராயப் புட்டியோடு. அவன் வாயைத் திறக்கும் நேரம் பார்த்து அப்பா சோளக்களியின்மேல் பிரின்ஸாவை உதிர்த்து, “இது யார் வார்த்தை தம்பி?” என்பார். சண்டை மூளும். புட்டி வந்த வழியே திரும்பும். இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. பிறகு அவனுக்கு நாட்டின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாளும் களி வந்தது.

“‘நிச்சயம்’னு சொல்லிட்டுப் போங்க தம்பி. அப்புறம் என்ன கேட்டாலும் தர்றேன்,” என்றார் அப்பா. எல்லாம் தெரிந்தேதான்!

மேஜைக்கடியில் லசாரின் காலை மிதித்தேன்.

“சார், அல்பேனியாக்காரங்க குடலுக்குச் சொல்ற வார்த்தையும் இதே சாயல்ல இருக்கு. பாலை உறையவைக்க ஆட்டு இரைப்பைதானே... அதனால ஒருவேளை...”

“குடலா? என் முப்பாட்டன் சொத்து குடலா?” அப்பா கரண்டியோடு எழுந்தார். “கேட்டியாடி பரஸ்கீவா?”

“கேட்டேன், கேட்டேன். களி ஆறுது. ஆறிப்போனா டாசியனும் திங்கமாட்டான்,” என்றாள் அம்மா.

ஒருவர் நிச்சயத்தை விடமாட்டார், மற்றவன் ஒருவேளையை விடமாட்டான். நடுவில் எனக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணே கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. லசாரின் பையிலிருந்து புட்டியை உருவி அப்பாவின் முன்னால் ‘டங்’கென்று வைத்தேன்.

“லசார், என்னைக் கட்டிக்கிறியா? ‘ஒருவேளை’ன்னு மட்டும் சொன்னே, இந்தக் களிச்சட்டியை உன் தலையிலேயே கவுத்துருவேன்!”