சிலுவையடியில் கூடிய வெளிச்சம்

தலைஞாயிறு பக்கத்தில் அடைக்கலராஜ் என்ற விவசாயி விளக்குக்குக் குறுக்கே நடந்தால் வெளிச்சம் மறையாது, கூடும். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கரண்ட் போனால் ரேஷன் கடைக்காரர் மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டு, "கொஞ்சம் முன்னால வந்து நில்லுங்க" என்பார். அவரும் பையோடு நிற்பார். மேட்டூர் திறக்காமல் வயல்கள் வெடித்துக் கிடந்த வருஷங்களில் பாதி ஊர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பியது. அடைக்கலராஜின் மகன் லியோவும் போனான். கொஞ்ச காலம் போன் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அனுப்பிவைத்த ஏஜெண்டும் ஊரில் இல்லை. அதற்குப் பிறகுதான் இன்னொன்று கண்ணில் பட்டது: அடைக்கலராஜ் கடந்து போனபின், விளக்கு அடங்குகிற நேரத்தில், சின்னவர் யாரோ பின்னாலேயே போனதுபோல மறுபடி லேசாகப் பளிச்சிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார்கள்.

மகள் பிரின்ஸி அமெரிக்காவில் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளக்கும் வேலையில் இருந்தாள். போனில் கேட்டுவிட்டு அவள் ஆச்சரியப்படவில்லை. "எங்க வேலையே இதாம்ப்பா. ஒரு நட்சத்திரத்துக்கு நேர் முன்னால இன்னொண்ணு போனா, அதோட கனத்துல வெளிச்சம் வளைஞ்சு, பின்னால உள்ளது பளிச்சுன்னு ஆவும். முன்னால போறதோட ஒரு கிரகம் இருந்தா கூடவே சின்னதா இன்னொரு பளிச்சு. அந்தக் கிரகத்த யாரும் கண்ணால பாத்ததில்ல. ஆனா இருக்குன்னுதான் சொல்றோம்."

லியோவின் தாய் பாத்திமா மேரிக்கு இதெல்லாம் காதில் விழுந்தாலும் யோசித்துப் பார்க்கத் தெம்பில்லை. வருஷக்கணக்காக வாசலில் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து பார்த்து அலுத்துப்போயிருந்தாள். "செத்துட்டான்னு தெரிஞ்சா ஒரு மூச்சு அழுதுட்டுத் தூங்குவேன்" என்று சொல்லி, கல்லறைத் திருநாள் பூசைக்கு இறந்தவர்களோடு அவன் பெயரையும் கொடுத்துவிட்டாள். அடைக்கலராஜ் தடுக்கவில்லை, தடுக்க அவருக்கும் தெம்பில்லை. தனிக் கல்லறை இல்லாதவர்களுக்குப் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றுவது அங்கே வழக்கம். சாயங்காலம் அவளும் ஏற்றினாள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து லியோவின் பெயரைப் படித்தபோது, அடைக்கலராஜ் பூ வைப்பதற்காகச் சுடர்களுக்குக் குறுக்கே போனார். எல்லாம் உயர்ந்து எரிந்தன, அடங்கின. கொஞ்சம் பொறுத்து மறுபடி லேசாக உயர்ந்தன. எண்ணெயைக் குறை சொல்ல அங்கே எண்ணெய் இல்லை.

பாத்திமா மேரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கண்ணால பாக்காட்டியும் இருக்குன்னு பிரின்ஸி சொன்னாளே. பாவிப்பய இருக்கான்" என்றாள். சந்தோஷம் இருந்தது, அதைவிட அலுப்பு அதிகமாக இருந்தது, ஏனென்றால் இனி மறுபடி காத்திருக்க வேண்டும். மகனுக்கு ஏற்றிய மெழுகுவத்தியை ஊதி அணைத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். வீட்டில் கரண்ட் இல்லை. அதையே கொளுத்தி, "ஒரு தடவ குறுக்க போங்க" என்றாள்.

இப்போதும் அடைக்கலராஜ் முழங்கால் வலியோடு தினமும் ஒரு தடவை விளக்குக்குக் குறுக்கே நடந்துவிட்டுத்தான் படுக்கிறார். அவளும் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குகிறாள்.